லீவு போடாத விஷம்

அத்தியாயம் 3

"ஆள் யாருன்னு தெரிஞ்சு போச்சு மேடம். ஆதாரம் ஒண்ணுதான் பாக்கி. சாயங்காலம் நாலு மணிக்குள்ள புடிச்சுக் குடுத்துடுங்க."

கடையில் கால் கிலோ சர்க்கரை கேட்பவர் மாதிரி கேட்டார் பண்ணைக்காரர். பெரிய உடம்பு, பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். மாடுகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மனிதர்களிடமும் அதே குரலில் பேசப் பழகிவிட்டவர்.

"அதென்ன நாலு மணி?" என்றார் மேடம்.

"நாலு மணிக்குத்தான் பால் வாங்க கேட்ல ஜனம் கூடும். அத்தனை பேர் முன்னாடியும் அவளைப் போலீஸ்ல ஒப்படைக்கப் போறேன். நேத்து அதே கேட்ல வெச்சு, 'நீதான் விஷம் வெச்சே'ன்னு சொல்லிட்டேன். சொன்ன வார்த்தையைக் காப்பாத்தணுமில்ல?"

சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். புகார்க் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, நாலாக மடித்துத் தயாராக இருந்தது. கல்யாணப் பத்திரிகைகூட இவ்வளவு ஆசையாக யாரும் மடித்து நான் பார்த்ததில்லை.

மேடம் பதினெட்டு வருஷம் ரயில்வேயில் தொலைந்த பொருள்கள் பிரிவில் வேலை பார்த்தவர். பிளாட்பாரத்தில் கிடந்த ஒரு குடையைப் பார்த்தே, இதன் சொந்தக்காரருக்கு இடது கைப் பழக்கம், மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லிவிடுவார். வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தபோது என்னையும் சேர்த்துக்கொண்டார். நான் ஆறடி மூன்றங்குலம். அதனால் எனக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர், அவசரத்துக்கு ஒட்டடை. வேலை செய்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் கிடையாது, வேறு யாராவது செய்தால்.

கேஸ் இதுதான். பண்ணையில் இரண்டு கொட்டகை. பெரிய கொட்டகையில் பதினொரு மாடு. ஒரு வருஷத்துக்கு மேலாக அவை ஒவ்வொன்றாக இளைத்தன. ரோமம் சொரசொரவென்று ஆனது, வயிற்றால் போனது, பால் வற்றியது. போன மாதம் இரண்டு செத்தே போய்விட்டன. மாட்டு டாக்டர் வால் முடியை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். வந்த பதில்: ஆர்சனிக். அதாவது பாஷாணம்.

சின்னக் கொட்டகையில் ஏழு மாடு. ஏழும் கொழுகொழு.

"பெரிய கொட்டகை பால்காரம்மா பொறுப்பு. சின்னது என் தம்பி பொறுப்பு" என்றார் பண்ணைக்காரர். "ரெண்டுக்கும் ஒரே புல்லு, ஒரே தீவன மூட்டை, ஒரே கிணத்துத் தண்ணி. அப்போ வித்தியாசம் ஆள்தானே?"

"அந்தம்மாவுக்கு ஏன் அப்படி ஒரு ஆத்திரம்?"

"பன்னெண்டு வருஷமா இருக்கா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தம்பியை மேற்பார்வைக்குப் போட்டேன். வயித்தெரிச்சல்!"

கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. செம்பு நிறையத் தண்ணீர் வந்தது.

"குடிங்க, குடிங்க! ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானே பக்கத்துல நின்னு வெட்டின கிணறு. இதைத் தவிர வேற ஒரு சொட்டு என் மாட்டு வாயில படக்கூடாதுன்னு சட்டமே போட்டிருக்கேன். பைப் தண்ணியில மருந்து வாடை."

நான் இரண்டு டம்ளர் கவிழ்த்தேன். ஜில்லென்று இறங்கியது. மேடம் தொடவில்லை.

"நீங்க குடிக்கலியா சார்?" என்றேன்.

"எனக்குக் கிணத்துத் தண்ணி குடிச்சா சளி புடிச்சுக்கும். வீட்ல பைப் தண்ணியைக் கொதிக்க வெச்சுத்தான் குடுப்பாங்க."

மேடம் சுவரில் மாட்டியிருந்த பழைய போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவைக் கிளை மரம் ஒன்றின் அடியில் ஒரு முரட்டுக் காளை. பக்கத்தில் மடிப்புக் கலையாத சட்டையோடு ஒரு மனிதர். காளை கழுத்து வரைக்கும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"எங்க அப்பா" என்றார் பண்ணைக்காரர். "மழையில எடுத்தது."

"ம்ம்" என்றார் மேடம். மேடம் 'ம்ம்' என்றால் எதிராளிக்கு ஏதோ தொலைந்துவிட்டது, அது இவர் கையில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு டாக்டர் அனுப்பிய ரிப்போர்ட்டை எடுத்தார்.

"முடியில வேர்லேர்ந்து நுனி வரைக்கும் ஒரே அளவு விஷம்னு போட்டிருக்கு. அவ்வளவு முடி வளர எத்தனை நாளாகும்?"

"ஒரு வருஷமாவது ஆகும்னு டாக்டர் சொன்னார்."

"அப்போ வருஷம் பூரா, ஒரு நாள் விடாம விஷம் போயிருக்கு. பால்காரம்மா லீவே போடறதில்லையா?"

"ஏன் போடாம? ஆறு மாசத்துக்கு முன்னாடி மக பிரசவத்துக்கு ஒரு மாசம் போனாளே."

"அந்த மாசம் பெரிய கொட்டகையைப் பாத்துக்கிட்டது யாரு?"

"நான்தான்! அவளைவிட ஒழுங்கா…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார்.

"அந்த மாசத்து முடியிலயும் அதே அளவு இருக்கே."

"ஆள் லீவு போட்டாலும் விஷம் லீவு போடல போல" என்றேன். பண்ணைக்காரர் என்னை முறைத்தார்.

"தீவனத்துல முன்கூட்டியே கலந்து வெச்சிட்டுப் போயிருப்பா!"

"ரெண்டு கொட்டகைக்கும் ஒரே மூட்டைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

மீசை கொஞ்சம் தொங்கியது. மேடம் எழுந்தார். "வாங்க, மாட்டைப் பாக்கலாம்."

கொட்டகைக்குப் போகும் வழியில் இரண்டு வரிசையாகக் கல் தூண்கள் நட்டிருந்தன. இடுப்பு உயரம். அவரைக் கொடி படர விட்டிருந்தார்கள். இரண்டு வரிசைக்கும் நடுவே நுழைந்தேன். ஒரு ஆள் தாராளமாகப் போகலாம், இரண்டு பேர் போனால் சண்டை வரும். அந்தச் சந்து நேராகப் போய்க் கிணற்றடியில் முடிந்தது. கிணற்றின் மேல் ஒரு கவைக் கிளை மரம் நிழல் விரித்திருந்தது. மேடம் மரத்தை அண்ணாந்து பார்த்தார். மறுபடியும் ஒரு 'ம்ம்'.

பெரிய கொட்டகையில் பால்காரம்மா ஒரு செவலைப் பசுவுக்கு வாளியில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"கேள்வி கேக்கறதுன்னா கேளுங்க. இது குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை வாளி குடுப்பீங்க?" என்றார் மேடம்.

"கறவை மாடு ஆறு ஏழு வாளி குடிக்கும். நான் எண்ணறதில்லைங்க. போதும்னு அது மூஞ்சியைத் திருப்பற வரைக்கும் நிப்பேன். உடம்பு முடியாததுக்கு இன்னும் ரெண்டு வாளி சேத்துக் குடுப்பேன். பாவம், வயிறு போகுதில்ல? அப்பப்ப கிணத்துலேர்ந்து எடுத்தா ஜில்லுனு இருக்கும், நல்லாக் குடிக்கும்."

"நடிப்பைப் பாருங்க!" என்றார் பண்ணைக்காரர். "ஏய், கையைக் காட்டு. மேடம், அவ உள்ளங்கையைப் பாருங்க. பாஷாணம் பட்ட கறை!"

பால்காரம்மா இரண்டு கையையும் விரித்தார். தோல் தடித்து, சின்னச் சின்ன மருக்கள் மாதிரி முளைத்து, அங்கங்கே பழுப்புப் புள்ளிகள்.

"பாடுபட்ட கை இப்படித்தான் இருக்கும். உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க ஐயா, பாப்போம்" என்றார்.

பண்ணைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மேடம் மட்டும் அந்த உள்ளங்கைகளை நெடுநேரம் பார்த்தார்.

"உங்களுக்கும் கொஞ்ச நாளா வயிறு சரியில்லையாம்மா?"

"ஆமா! உங்களுக்கு யாரு சொன்னது?" என்ற பால்காரம்மாவின் குரல் சட்டென்று உடைந்தது. "வயிறு கெடக்கட்டுங்க. நேத்து கேட்ல இவர் கத்தினப்போ, எங்க சம்பந்தியம்மா பால் பாத்திரத்தோட வரிசையில நின்னாங்க. ஒரு வார்த்தை பேசாம திரும்பிப் போயிட்டாங்க. எம்மக அந்த வீட்லதான் கைக்குழந்தையோட இருக்கா. இனிமே அவ எந்த மூஞ்சியோட அங்க இருப்பா?"

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. இப்படி எப்போதாவதுதான் நடக்கும்.

மணி இரண்டு. சின்னக் கொட்டகைக்கு நானும் மேடமும் மட்டும் போனோம். பண்ணைக்காரரின் தம்பி எங்களை வரவேற்றான். மாட்டுக் கொட்டகையில் சென்ட் போட்டுக்கொண்டு நிற்கும் மனிதனை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். தலை படிய வாரியிருந்தான்.

"ரொம்பக் கஷ்டமான வேலைங்க" என்றான். "கிணறு எங்க இருக்கு, கொட்டகை எங்க இருக்கு? நாப்பது வாளி. தினமும் நானே சுமக்கறேன். அண்ணன் போட்ட சட்டமாச்சே, மீற முடியுமா?"

மேடம் மூலையில் அடுக்கியிருந்த வாளிகளில் ஒன்றை எடுத்து, உள்ளே பார்த்து, என்னிடம் நீட்டினார். உள்ளே வலை கட்டி, நடுவில் சிலந்தி ஒன்று சொந்த வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது. அடுத்த வாளியில் அதன் சம்பந்தி வீட்டார்.

வெளியே வந்ததும் மேடத்தின் காதில் சொன்னேன். "தம்பிதான் மேடம்! இவன் மாடு மட்டும் கொழுகொழு. சொல்றது முழுக்கப் பொய். அண்ணன் மாட்டைக் கொன்னுட்டு மொத்தப் பண்ணையையும் வளைச்சுப் போடப் பாக்கறான்."

"அப்போ போய்க் கையும் களவுமாப் புடி" என்றார் மேடம், வைக்கோல் கட்டின் மேல் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு.

கால் மணி நேரத்தில் தம்பி வெளியே வந்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். கொட்டகைக்குப் பின்னால் இருந்த வேலியை நோக்கி நழுவினான். ஆறடி மூன்றங்குலம் மண்டியிட்டுத் தவழ்ந்து பின்தொடர்ந்தது. வேலியின் அடியில் அவன் குனிந்து எதையோ இழுக்க, நான் பாய்ந்தேன்.

"கையைத் தூக்கு!"

தூக்கினான். கையில் பச்சை நிற ஹோஸ் பைப். அதன் மறுமுனை வேலி இடுக்கு வழியாக அடுத்த தோட்டத்துக்குப் போயிருந்தது. வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல், தேனில் ஊறப் போட்டது மாதிரி கேட்டது.

"தண்ணி வந்துருச்சாங்க?"

அதே நேரத்தில் தண்ணீரும் வந்தது. என் முகத்தில்.

தம்பி அழாத குறை. "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க சார்! அந்தக் கிணத்துலேர்ந்து யார் சுமப்பாங்க? இங்க டவுன் பைப் தண்ணி. குழாயைத் திறந்தா தொட்டி தானா நிறையுது."

"எத்தனை நாளா?"

"கிணறு வெட்டின ரெண்டாவது நாள்லேர்ந்து."

முதல் நாள் சுமந்திருக்கிறான். என்னைவிட ஒரு நாள் சுறுசுறுப்பு.

வேலிக்கு அப்பால் இருந்தது ஒரு நர்சரி. அதை நடத்துகிற பெண்ணின் குரல்தான் அது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பண்ணைக்காரரின் மாடு ஒன்று வேலி தாண்டி முந்நூறு ரோஜாக் கன்றுகளை ருசி பார்த்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு இடத்துக்கும் பேச்சில்லை. தம்பி மட்டும் அண்ணன் பங்குக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தான். சென்ட் யாருக்காக என்பது அப்போதுதான் புரிந்தது.

அவனைத் தரதரவென்று இழுத்து வந்து மேடம் முன்னால் நிறுத்தினேன். கதையைக் கேட்டதும் மேடம் வாய்விட்டுச் சிரித்தார்.

"கயிறு எடுத்துட்டு வரட்டுமா மேடம், கட்டிப் போட?"

"அவன் கால்ல விழு. சோம்பேறித்தனத்தாலயே ஏழு மாட்டைக் காப்பாத்தின மகான் அவன்."

"அப்படின்னா?"

"ரெண்டு கொட்டகைக்கும் ஒரே புல்லு, ஒரே தீவனம். ஒரே தண்ணின்னு அண்ணன் நம்பிட்டிருந்தார். இல்லைன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு. விழுந்து விழுந்து கிணத்துத் தண்ணி குடுத்தவங்க மாடு சாகுது. குடுக்காத சோம்பேறி மாடு கொழுக்குது. லீவே போடாத குற்றவாளி யாரு இப்ப?"

எனக்குப் புரிந்தது. புரிந்த மறுநொடி கூடத்துச் செம்பு ஞாபகத்துக்கு வந்தது.

"மேடம்! நான் ரெண்டு டம்ளர்…"

"ரெண்டு டம்ளர்ல ஒண்ணும் ஆயிடாது. வருஷக்கணக்கா குடிச்சாத்தான்."

"அதான் நீங்க தொடவே இல்லையா? அப்பவே தெரியுமா உங்களுக்கு? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"தெரியாது. எனக்குத் தாகம் எடுக்கல" என்றவர், மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார்.

மூன்று மணிக்கு எல்லாரும் கிணற்றடியில் கூடினோம். மேடம் கையில் கூடத்துப் போட்டோ. டாக்டர் மரத்தடியில் உட்கார்ந்து, கிணற்றுத் தண்ணீரை ஒரு குப்பியிலும் ஹோஸ் பைப் தண்ணீரை இன்னொரு குப்பியிலும் ஊற்றி, மருந்து போட்டு, குப்பிக்கொரு வெள்ளைக் காகிதத் துண்டைச் செருகி வைத்திருந்தார். நிறம் மாற அரை மணி ஆகுமாம்.

"என் கிணத்துல விஷமா?" பண்ணைக்காரர் கத்திய கத்தலில் மரத்திலிருந்த காக்காய்கள் இடத்தைக் காலி செய்தன. "யாரு போட்டா?"

"உங்க அப்பா" என்றார் மேடம்.

பண்ணைக்காரர் மேடம் கையிலிருந்த போட்டோவை எட்டிப் பார்த்தார்.

"இந்தப் போட்டோ மழையில எடுத்ததுன்னு சொன்னீங்க. அதெப்படி? காளை கழுத்து வரைக்கும் நனைஞ்சிருக்கு. தலை மட்டும் காஞ்சிருக்கு. உங்க அப்பா சட்டையில ஒரு சொட்டு இல்லை. தரையில புழுதி. கீழேர்ந்து மேல பெய்யற மழையா? காளை எதுலயோ முங்கி எழுந்து வந்திருக்கு. இந்தக் கல் தூண் சந்தைப் பாருங்க. ஒரு மாடு போகலாம், திரும்ப முடியாது. வரிசையா மாட்டை ஓட்டினா ஒண்ணொண்ணா எங்கே போய் விழும்?"

பண்ணைக்காரர் தூண்களைப் பார்த்தார். போட்டோவிலிருந்த கவைக் கிளை மரத்தைப் பார்த்தார். தலைக்கு மேலிருந்த அதே மரத்தைப் பார்த்தார்.

"உண்ணி மருந்துத் தொட்டி!" என்றார் மெல்ல. "அப்பா சொல்லியிருக்கார். உண்ணி சாகறதுக்காகக் குழி வெட்டி, மருந்து கலக்கி, மாட்டை நீந்த விடுவாங்களாம். நான் அப்ப ஹாஸ்டல்ல இருந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள மூடிட்டாங்க."

"அந்தக் காலத்து உண்ணி மருந்துன்னா பாஷாணம்தான்" என்றார் டாக்டர். "மண்ணுல இறங்கினா போகவே போகாது."

"கிணத்துக்கு இந்த இடத்தைக் காட்டினது யாரு?" என்றார் மேடம்.

"வெட்ட வந்தவன்தான். மத்த இடமெல்லாம் கடப்பாறை இறங்காம பாறையா கெடக்கு, இங்க மட்டும் மண்ணு வெண்ணெய் மாதிரி இருக்குன்னான். ஒரே வாரத்துல முடிச்சான். சந்தோஷத்துல அவனுக்குப் புதுச் சட்டை வேற எடுத்துக் குடுத்தேன்."

"ஏற்கனவே வெட்டி மூடின குழி. வெண்ணெய் மாதிரிதான் இருக்கும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதாகச் சும்மா சொல்வார்கள். இங்கே பூதம் வீட்டு போட்டோவில் பல வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அப்புறம் இந்தக் கை" என்று மேடம் பால்காரம்மாவின் கையைப் பிடித்தார். "காலையில வந்தா சாயங்காலம் வரைக்கும் இங்கேயே இருக்காங்க. தாகம் எடுத்தா எந்தத் தண்ணி குடிச்சிருப்பாங்க? பாஷாணத் தண்ணி குடிச்சாக் கை இப்படித்தான் ஆகும். விஷம் வெக்கிறவ அதையே ரெண்டு வருஷம் தானும் குடிப்பாளா?"

டாக்டர் குப்பிகளைத் தூக்கிக் காட்டினார். ஹோஸ் பைப் காகிதம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கிணற்றுக் காகிதம் டீத்தூள் நிறம். "பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்கம்மா. இந்தத் தண்ணியை நிறுத்தினாலே உடம்பு தேறும். பெரிய கொட்டகைப் பாலை, சோதிச்சுப் பாக்கற வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க."

பண்ணைக்காரர் அந்த உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. அத்தனை பெரிய குரல் முதல் தடவையாக மனித அளவுக்கு இறங்கியது.

"என்னை மன்னிச்சுடும்மா."

"அதெல்லாம் அப்புறம்" என்றார் பால்காரம்மா. "ஒம்பது மாடு தாகத்துல நிக்குது. முதல்ல தண்ணிக்கு வழி பண்ணுங்க."

வீட்டுக் குழாய் மாடுகளுக்குப் போதாது, அத்தனை நல்ல தண்ணீர் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. பண்ணைக்காரர் போனார். ஆறு வருஷமாகப் பேசாத வாய். வேலி ஓரம் நின்று மூன்று தடவை செருமினார்.

"எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "ஆனா ரோஜாக் கன்னு மட்டும் இனிமே நான் குடுத்து அனுப்பறேன், மாடு தானா வந்து எடுத்துக்க வேணாம்." தம்பி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அண்ணன் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் பாதி. மீதிப் பாதி பெண் பார்க்கப் போகிறவர்களுடைய பார்வை.

புகார்க் கடிதத்தை வெளியே எடுத்து எட்டாகக் கிழித்தார்.

"அது போதாது ஐயா" என்றார் பால்காரம்மா. "எங்க வெச்சு சொன்னீங்களோ, அங்க வெச்சே சொல்லணும்."

நாலு மணி. கேட்டுக்கு வெளியே முப்பது பேர் பாத்திரங்களோடு நின்றார்கள். பெரிய கொட்டகைப் பால் கிடையாது என்றதும் முணுமுணுப்பு எழுந்தது. பண்ணைக்காரர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றார். சிலந்தியை நான் முன்கூட்டியே வேறு வீட்டுக்குக் குடிவைத்திருந்தேன்.

"நேத்து இங்க நின்னு ஒரு வார்த்தை சொன்னேன்" என்று ஆரம்பித்தார். "அது தப்பு. விஷம் நான் வெட்டின கிணத்துல இருந்துச்சு. இந்தம்மா மேல எந்தக் குத்தமும் இல்லை."

முன் வரிசைக்கே பாதிதான் கேட்டிருக்கும். பால்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டில் சாய்ந்தார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க ஐயா. கடைசியில எங்க சம்பந்தியம்மா நிக்கிறாங்க. அவங்களுக்குக் கேக்கல."

பண்ணைக்காரர் மார் நிறைய மூச்சை இழுத்தார். மாடுகளைக் கூப்பிடும் அந்தக் குரல் திரும்ப வந்தது. சின்னக் கொட்டகையில் ஏழு மாடும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தன.